நம்ம ஊர்ல யார் எங்கே வேலைக்குப் போறாங்க?
(சமூக அறிவியல் பக்கம்)



மக்கள்தொகைக் கணக்கெடுப்புன்னா தலையை எண்ணுறது மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறோம். ஒவ்வொருவர் செய்யும் வேலையையும் அதில் கேட்கிறார்கள். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் விடணும், எந்த ஸ்டேஷனில் கூட்டம் ஏறும் என்று திட்டம் போட அந்தக் கணக்கு வேண்டும்.

வேலையை எப்படிப் பிரிக்கிறார்கள்?

வருடத்தில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மைப் பணியாளர். குறைந்தால் குறு பணியாளர். பிறகு 4 வகை:
1. சாகுபடியாளர்
2. விவசாயத் தொழிலாளர்
3. வீட்டுத் தொழில் செய்பவர்
4. இதர பணியாளர்

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறார். சித்தப்பா வண்டியில் திருமழிசைக்குப் போகிறார். அத்தை கம்பெனி வேனில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போறாங்க. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார்.

ஊர்ப் பட்டியலில் இது எப்படி வரும்? இதர பணியாளர் 3, வீட்டுத் தொழில் 1. அவ்வளவுதான்! ஒருவர் கிழக்கே, ஒருவர் தெற்கே, ஒருவர் தென்மேற்கே போவது அதில் தெரியாது.

குறைகள் என்ன?

முதல் குறை: 2011 கணக்கெடுப்பில் இதர பணியாளர்களிடம் வேலை இடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆனால் எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. அந்தப் பதிலும் மாவட்டக் கணக்காக வெளிவந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடும் உண்டு, திருத்தணியும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நெமிலிச்சேரி எங்கே தெரியும்?

இரண்டாவது குறை: பொருளாதாரக் கணக்கெடுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. 6-வது 2013-14ல் நடந்தது. ஒரு கடையில், கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அது சொல்லும். அவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று சொல்லாது. ஒரு கணக்கு கிளம்பும் இடத்தைச் சொல்லுது, இன்னொன்று சேரும் இடத்தைச் சொல்லுது. நடுவில் உள்ள வழிதான் காணோம்!

மூன்றாவது குறை: கணக்கு பழசு. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014ல் திறந்தார்கள். மீஞ்சூர் வரை 2021ல் திறந்தார்கள். 2011 கணக்கு எடுத்தபோது அந்த ரோடே ஓடவில்லை. 2021ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பும் கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து எடுக்கப்படும் என்று 2025 ஜூன் 16-ல் அரசிதழில் அறிவித்தார்கள்.

எப்படிச் சரி செய்யலாம்?

* அமெரிக்காவில் 1960 கணக்கெடுப்பிலிருந்தே வேலை செய்யும் இடத்தைக் கேட்டார்கள். நாமும் எந்த ஊர் என்று ஒரு கேள்வி சேர்க்கலாம்.
* மாவட்டத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்கு வெளியிடலாம். ஆனால் ரொம்பச் சின்னதாகவும் கூடாது. ஒரு தெருவில் கம்பெனி வேனில் போகிறவர் ஒருத்தர்தான் என்றால், அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் சொன்ன விவரம் ரகசியம்.
* இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் நடுவில் சில வீடுகளில் மட்டும் மாதிரிக் கணக்கு எடுத்துப் புதுப்பிக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

கணக்கெடுக்க வருபவர், "வீட்ல இருக்கிற அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்காங்க" என்று பல வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். தையல் மெஷினை ராத்திரி 10 மணி வரை மிதிப்பது சும்மா இருப்பதா? அப்படிச் சொன்னால் அந்த உழைப்பு நாட்டின் கணக்கிலேயே ஏறாது. துணி வாங்க ஆவடிக்குப் போய்வர அம்மாவுக்கும் பஸ் வேண்டும். ஆகவே, உங்கள் வீட்டில் கணக்கெடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். விட்டுப்போனதை எடுத்துச் சொல்லுங்கள்.

சிந்திக்க:
1. உங்கள் வீட்டில் யார் யார் எந்த வகைப் பணியாளர்?
2. உங்கள் தெருவில் அதிகம் பேர் எந்தத் திசைக்கு வேலைக்குப் போகிறார்கள்?

விடையை எழுதி இதன் கீழே ஒட்டுங்கள். பெயர் எழுத வேண்டாம், தெருவை மட்டும் எழுதுங்கள். எல்லாத் தெருவும் சேர்ந்தால் நம்ம ஊருக்கு ஒரு படம் கிடைக்கும்.

– 9-ம் வகுப்பு மாணவி