குழந்தைக்கு மூளைக்கட்டியா? சிகிச்சையைப் பாதியில் விட்டுடாதீங்க

மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெற்றோரே! பிள்ளை "தலை வலிக்குது" என்றால், "செல்போனைக் கீழே வை" என்போம். பெரும்பாலும் அது சாதாரணத் தலைவலிதான். ஆனால் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண் என்று நாளுக்கு நாள் கூடினால், வயிற்றுக்கு மருந்து கொடுத்துக் காத்திருக்காதீங்க. பிள்ளை நடப்பதை உங்கள் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்க. வலிப்பு, மயக்கம் வந்தால் உடனே 108.

சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். குழந்தைகளுக்கு வரும் வேகமான கட்டிகளில் முக்கியமானது மெடுல்லோபிளாஸ்டோமா. இது சிறுமூளையில் தோன்றி, மூளை, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர் வழியாகப் பரவக்கூடியது. அதனால் சிகிச்சைக்கு மூன்று படிகள்:

1. அறுவை சிகிச்சை: பாதிப்பில்லாமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு கட்டியை எடுப்பார்கள்.

2. கதிர்வீச்சு: தலைக்கும் முதுகுத்தண்டு முழுமைக்கும், வாரம் ஐந்து நாள், சுமார் ஆறு வாரம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதால், முடிந்தவரை தள்ளிவைத்துக் கீமோ மருந்தே கொடுப்பார்கள்.

3. கீமோதெரபி: மிச்சமிருக்கும் செல்களை அழிக்கப் பல மாதங்கள்.

தையல் ஆறி, பிள்ளை விளையாட ஆரம்பித்ததும் "சரியாயிடுச்சு" என்று ஊர் திரும்பி விடுவது ஆபத்து. கதிர்வீச்சு பொதுவாக அறுவை முடிந்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பரவாத நிலையில் கண்டறிந்து, மூன்று படிகளையும் முடிக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. மூளைத்தண்டில் ஊடுருவிப் பரவும் டி.ஐ.பி.ஜி. கட்டியை அறுத்து எடுக்க முடியாது. கதிர்வீச்சு சில மாதங்கள் நிம்மதி தரும், குணமாக்காது. அப்போது வலி தணிக்கும் பராமரிப்பும் சிகிச்சைதான்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்க. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனைச் சான்று அவசியம்.

டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்சி முடிவு, ஸ்கேன் அறிக்கை மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்க. அடுத்த மருத்துவமனையில் நாள் வீணாகாது.

உதவிக்கு: காப்பீடு 1800 425 3993, மருத்துவ ஆலோசனை 104.