உதைபந்தாடும் பிள்ளைகளுக்கு மேலதிக ஓட்டம் வேண்டுமா?

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றிப் பத்துத் தடவை ஓடவிடுகிறோம். அதிகம் ஓடினால் அதிக பலம் என்று எண்ணுகிறோம். ஆனால் உதைபந்தாட்டம் அப்படிப்பட்ட ஓட்டமல்ல. வளர்ந்த வீரர் ஒருவர் 90 நிமிடத்தில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே. இடையிடையே வரும் சில விநாடி வேக ஓட்டமே ஆட்டத்தை முடிவு செய்கிறது.

ஆகவே வாரத்தில் இரு நாள், உடல் சூடேறியபின், 20 மீற்றரை முழுவேகத்தில் ஆறு தடவை ஓடச் செய்வோம். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிமிட ஓய்வு கொடுப்போம். பிறகு மூவர் மூவராகச் சிறிய இடத்தில் பந்தோடு ஆடட்டும். மூச்சுப்பலம் அதிலேயே வளரும்.

நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஓட்டம், கால்பலம், சமநிலை மூன்றும் சேர்ந்த 20 நிமிட முன்பயிற்சியைச் செய்த அணிகளில் கடுங்காயங்கள் மற்ற அணிகளைவிட ஏறக்குறையப் பாதியாகவே இருந்தன.

வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நோவு என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று ஏசாமல் ஓட்டத்தைக் குறைப்போம். தண்ணீர் சுமந்து, நெடுந்தூரம் நடந்து பள்ளி சென்றுவந்த கால்கள் ஏற்கெனவே உழைத்தவை. அன்று மேலதிக ஓட்டம் வேண்டாம். வயிறார உணவும் நல்ல உறக்கமும் போதும்.

கலந்துரையாட: நம் பிள்ளைகள் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்?