காட்டு மண்ணும் நெற்களஞ்சியமும்: பூஞ்சண வகைகளை அறிதல்

முசலிக்குத் தெற்கே வில்பத்துக் காடு பரந்துள்ளது. 1938ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாக விளங்கும் அக்காட்டிற்கு எவரும் எரு இடுவதில்லை; எனினும் மரங்கள் தழைத்து நிற்கின்றன. உதிர்ந்த சருகையும் முறிந்த கொம்பையும் உக்கச் செய்து மண்ணுக்கு மீட்டளிப்பனவற்றுள் பூஞ்சணங்கள் முதன்மையானவை.

பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்தது. அது இழைகளாகப் படர்ந்து, தூள்போன்ற வித்திகளைக் காற்றில் பரப்பும். கமக்காரர் அறிய வேண்டிய வகைகள் சில:

1. ட்ரைக்கோடெர்மா: மண்ணில் வாழும் பச்சைப் பூஞ்சணம். நாற்றை அழுகச் செய்யும் பிற பங்கசுகளைத் தாக்கி அடக்கும் நண்பன்.

2. பெனிசிலியம்: நீலப்பச்சை நிறமுடையது. 1928இல் பிளெமிங் பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்தது இவ்வினத்திலேயே. ஆயினும் எலுமிச்சை, தோடை முதலியவற்றை அழுகச் செய்வனவும் இவ்வினத்தில் உள.

3. ரைசோப்பசு: வெண்பஞ்சுபோற் படர்ந்து கருந்தலைகள் காட்டும். காயம்பட்ட வற்றாளையையும் கனிந்த பழங்களையும் கெடுக்கும்.

4. அசுப்பெர்கிலசு: ஈரமான நெல், கச்சான், சோளம், செத்தல் மிளகாய் ஆகியவற்றில் தோன்றும். இவ்வினத்தின் சில மஞ்சட்பச்சைப் பூஞ்சணங்கள் அபிளாடொக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும்.

1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீனியிற் கலந்த கச்சான் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்ததென ஆராய்ச்சியாற் புலனாயிற்று. இது ஈரலைக் கெடுப்பது. கழுவுவதாலும் சமைப்பதாலும் முற்றாக நீங்காதது. ஆகவே பூஞ்சணம் பிடித்த கச்சானையோ தானியத்தையோ உண்ணலாகாது. கோழிக்கும் மாட்டுக்கும் இடுதலும் தவறு.

களஞ்சியத்தில் பூஞ்சணத்தைத் தடுக்கும் வழி ஈரத்தை அகற்றுதலே. சூடு மிதித்த நெல்லைத் தாமதியாது படங்கில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவிடுக. ஈரப்பதன் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படலாகாது. நன்கு காய்ந்த மணி பல்லிடைக் கடிக்குங்கால் நொறுக்கென முறியும். சூடு ஆறியபின் சாக்கிலிட்டு, மரச் சட்டங்களின்மேல், சுவரைத் தொடாவண்ணம் அடுக்குக. கூரை ஒழுக்கை மழைக்கு முன்னரே அடைத்தல் நன்று.

வயலில் செய்யவேண்டியது இதற்கு மாறானது. வைக்கோலைத் தீயிடாது வயலிற் பரப்புக. அல்லது இலைகுழை, சாணத்துடன் கூட்டெருவாக்கி ஈரங்காத்து உக்கவிடுக. காட்டு மண்ணை அள்ளிவர வேண்டுவதில்லை. அங்கு நிகழும் வேலை தோட்டத்திலேயே நடைபெறும்.

மண்ணில் ஈரங்காத்துப் பூஞ்சணத்தை வளர்த்தலும், களஞ்சியத்தில் ஈரம்போக்கி அதனைத் தடுத்தலும் கமக்காரரின் கடமையாம்.