தூர் வாருங்க, மீனுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க

மாசி, பங்குனியில் ஏரி வற்றினதும் ஊரில் தூர் வாருகிற பேச்சு கிளம்பிவிடும். வேண்டிய வேலைதான். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. பலவற்றில் வண்டல் மேவிக் கிடக்கிறது. 2017-ல் குடிமராமத்து மறுபடி தொடங்கியதிலிருந்து பல ஊர்களில் பொக்லைன் இறங்கியிருக்கிறது. விவசாயிகள் கட்டணமில்லாமல் வண்டல் எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நம்ம மாதிரி ரசாயன உரம் போடாதவங்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் வேலை முடிஞ்சு ஏரி நிரம்பின பிறகு, "தண்ணி நிறைய நிக்குது, விராலையும் அயிரையையும் காணோமே" என்கிற பேச்சையும் கேட்கிறோம். குத்தகைக்காரர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டால்தான் மீன் என்று ஆகிவிடுகிறது. அந்த மீன்கள் தேங்கிய ஏரித் தண்ணீரில் குஞ்சு பொரிப்பதில்லை. வருஷா வருஷம் காசு போட்டு வாங்கணும். நாட்டு மீனுக்கு அந்தச் செலவே கிடையாது. பிடிக்கிற மீன் வட்டி என்றால், முட்டையிடுகிற இடம்தான் முதல். அந்த முதலைத்தான் மண்ணோடு சேர்த்து அள்ளிவிடுகிறோம்.

எந்த மீனுக்கு எந்த இடம்?

விரால், கரையோர ஆழமில்லாத தண்ணீரில், கோரைக்கும் சம்புக்கும் நடுவில் இடம் ஒதுக்கி முட்டையிடும். குஞ்சுகள் செவ்வரி மாதிரி கூட்டமாகத் திரிய, தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அயிரைக்கு மணல் கலந்த சேற்றுத் தரை வேணும். சின்னக் கெண்டைகள் புதுத் தண்ணி வரும்போது வாய்க்காலில் எதிர்த்து ஏறி, புல் மூழ்கின இடத்தில் முட்டையிடும். விராலும் குறவையும் தண்ணி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டும். ஏரியைத் தொட்டி மாதிரி ஒரே மட்டமாக வழித்தெடுத்தால் இந்த நாலு இடமும் ஒரே கோடையில் போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. ஒரே வருஷத்தில் முழு ஏரியையும் வாராதீங்க. மூன்று பங்காகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கு எடுக்கலாம். வாராத பக்கத்திலிருந்து செடியும் நத்தையும் மீனும் தானாகப் பரவும்.

2. மதகுக்கு எதிரே ஆழமான இடத்தில் கோடையிலும் தண்ணி நிற்கிற மாதிரி ஒரு குட்டை இருக்கட்டும். வேலை தொடங்கும் முன், வெயில் ஏறுவதற்குள் வலை போட்டு மிச்ச மீனை அதில் விட்டுவிடணும்.

3. தண்ணி கிடக்கும்போது இயந்திரம் இறக்கக் கூடாது. அடிச்சேறு கலங்கினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். மீனின் செவுளில் சேறு அடைக்கும். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் வேலையை நிறுத்துங்க. சேற்றை அள்ளும்போது இரண்டு ஆள் பக்கத்தில் நின்று பார்க்கணும். புதைந்திருக்கிற விரால் வண்டலோடு டிராக்டர் ஏறிப் போவது சாதாரணமாக நடக்கிறது.

4. கறுப்பு வண்டல் முடிந்து பழைய கெட்டித் தரை தெரிந்ததும் நிறுத்திக்கணும். அதற்குக் கீழே தோண்டினால் மணல் தட்டி, தண்ணி நிற்காமல் போகலாம். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும்.

5. தண்ணி வந்து சேருகிற மேல்முனையில் ஆழமில்லாத பகுதியை அப்படியே விடுங்க. நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலை வேரோடு எடுங்க. கோரை, சம்பு, அல்லி கொஞ்சம் இருக்கட்டும்.

கரையைப் பலப்படுத்தும்போது

அலை மோதுகிற இடத்துக்கு அலைக்கல் வேணும்தான். பழைய ஏரிகளில் கல்லைச் சும்மா அடுக்கி வைத்தார்கள். அந்த இடுக்கில் மீனும் நண்டும் ஒதுங்கும். சிமெண்ட் பூசி அடைத்தால் அந்த ஒதுங்கிடம் போச்சு. அலை குறைந்த இடத்தில் சரிவை ஒன்றுக்கு மூன்று என்று சாய்த்து, வெட்டிவேரும் அருகும் வைத்தாலே மண் பிடித்துக்கொள்ளும். தண்ணி தொடுகிற விளிம்பில் கோரை வரட்டும். செங்குத்தாகச் சுவர் எழுப்பினால் குஞ்சு மீனுக்கு ஆழமில்லாத தண்ணியே இருக்காது.

வரத்து வாய்க்காலையும் கலிங்கையும் மறந்துடாதீங்க. கீழ் ஏரி மீன் மேல் ஏரிக்கு வருவது அந்த வழியாகத்தான். சிமெண்டில் உயரமான தடுப்பு கட்டினால் மீன் ஏறாது. அதன் கீழ்ப்பக்கம் கற்களைப் படிப்படியாகப் போட்டு ஏறுவதற்கு வழி விடணும்.

"இப்படி விட்டுவிட்டு வாரினால் கொள்ளளவு குறையுமே, இயந்திரத்தை மூன்று தடவை கூப்பிடணுமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாடகை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் மேல்முனையில் விடுகிற ஆழமில்லாத பகுதி அதிகத் தண்ணி பிடிக்கிற இடம் இல்லை. புல்லும் கோரையும் வரத்துத் தண்ணீரில் வருகிற மண்ணை அங்கேயே தடுத்து நிறுத்தும். ஏரி மேவுவதும் மெதுவாகும். எதிர்ப்பக்கத்தில் குஞ்சுச் செலவு மிச்சம், மீன் குத்தகைப் பணம் நிலைக்கும், கூலிக்குப் போகிற வீட்டுக்கும் தூண்டில் மீன் குழம்பு கிடைக்கும். இதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்கணும்.

பொக்லைன் வந்து நின்ன பிறகு இதையெல்லாம் பேச முடியாது. ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கிராம சபையிலேயே எந்தப் பங்கை வாருவது, எதை விடுவது என்று தீர்மானம் போடுங்க. விடுகிற இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிடுங்க. வண்டி ஓட்டுகிற தம்பிக்கு எது எல்லை என்று தெரியணும்.