மீன் விற்கும் ஸ்திரீகளின் கைமுதல்

சோழமண்டலக் கரையிலுள்ள மீனவர் குப்பங்களில் கடல்மேற் செல்வது புருஷர் தொழிலாகவும், கரைசேர்ந்த மீனைக் காசாக்குவது ஸ்திரீகள் தொழிலாகவும் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. எதைப் பச்சையாக விற்பது, எதைக் கருவாடாக்குவது, வீட்டுச் சட்டிக்கு எவ்வளவு என்பவற்றைத் தீர்மானிக்கிறவள் பெரும்பாலும் வீட்டுக்காரியே. பணமும் அவள் சுருக்குப்பையில்தான் இருக்கும். இதைக் கண்டு, இப்பெண்டிர் சுதந்திரமுடையவர்களென்று வெளியூரார் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. பை அவளுடையது, காலையில் அதனுள் இருக்கும் பணம் யாருடையது என்பதே கேள்வி. கிராம ஊழியர் முதலிற் கவனிக்கத்தக்கதும் இதுவே.

ஏலத்தில் மீன் எடுக்கக் காலையில் ஆயிரம் ரூபாய் வேண்டிய ஒருத்தியை உதாரணமாகக் கொள்வோம். கைமுதல் இல்லாதபடியால் தினவட்டிக்காரரிடம் நூற்றுக்குப் பத்து வீதம் வாங்குகிறாள். மாலையில் ஆயிரத்து நூறு கொடுத்தாக வேண்டும். ஐஸ், வண்டிக்கூலி முதலிய செலவு போக அன்றைக்கு இருநூறு மிஞ்சினால் அதிற் பாதி வட்டிக்காயிற்று. வருஷத்தில் 250 நாள் வியாபாரம் செய்தால் ரூ. 25,000 வட்டி கொடுத்திருப்பாள். வாங்கிய முதலோ என்றும் அதே ஆயிரம். வருஷ முடிவில் அவளுக்கென்று ஒரு ரூபாயும் சேர்ந்திராது.

அவளே நாளொன்றுக்குப் பத்து ரூபாய் மட்டும் ஒதுக்கி, வீட்டுச் செலவிற் கலவாமல் வைப்பாளாயின் பத்தாம் நாள் நூறு சேரும். மறுநாள் தொள்ளாயிரமே கடன், வட்டி தொண்ணூறு. குறைந்த பத்தையும் முந்திய பத்தோடு கூட்டி இருபதாக ஒதுக்கினால் அடுத்த நூறு ஐந்தே நாளில் சேரும். பிறகு முப்பது முப்பதாக நான்கு நாள். பிறகு நாற்பது நாற்பதாக இரண்டு நாள். ஒவ்வொரு நூறும் தனக்குப் பின்வரும் நூற்றை விரைவாக இழுத்துவரும். இவ்விதம் கணக்கிட்டுப் பார்த்தால் முப்பதாம் நாள் மாலையில் ஆயிரமும் அவளுடையதாகிவிடும்.

கணக்கு காகிதத்தில் நேராக ஓடும்; குப்பத்தில் அப்படி ஓடாது. கடல் கொந்தளித்து ஓடம் இறங்காத நாளுண்டு. குழந்தைக்குச் சுரம் கண்ட நாளுண்டு. ஒதுக்கிய பணத்தைக் கேட்டு வாங்கி மதுக்கடைக்குப் போகிற புருஷரும் உண்டு. ஒரு மாதம் மூன்று மாதமானாலும் குறையில்லை. நாளுக்குப் பத்து ரூபாயில் என்ன ஆகும் என்று ஊழியரே சலித்துப் பேசுவதுதான் பெருந்தீங்கு.

முன்னெல்லாம் இவ்வளவு முதல் வேண்டியதில்லை. கட்டுமரம் ஊர்க்கரையிலேயே ஒதுங்கியது. ஏலமும் சிறு சிறு குவியலாக நடந்தது. அறிமுகமானவளுக்கு மீனைக் கொடுத்து விற்றபின் பணம் வாங்குவதும் உண்டு. 1950க்குப் பின் விசைப்படகுகள் பெருகவே மீன்வரவு துறைமுகங்களுக்குப் போயிற்று. அங்கே பெருங்கொள்முதலுக்கும் லாரிக்குமே முதலிடம். 1960க்குமேல் இறால் ஏற்றுமதிக் கம்பெனிகள் கைக்குச் சென்றது. நைலான் வலையை இயந்திரம் பின்னத் தொடங்கியபின், கன்னியாகுமரி ஜில்லாவிலே கைவலை பின்னிப் பிழைத்த ஸ்திரீகளுக்கு அந்தக் கூலியும் நின்றது. காசிமேட்டு ஏலத்திற்காகப் பின்னிரவில் வீட்டைவிட்டுப் புறப்படுகிற பெண்டிர் இம்மாறுதலின் பலனையே சுமக்கிறார்கள்.

பெருங்குவியலுக்கு ஒருத்தியின் முதல் போதாது. ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து ஏலம் எடுத்துக் கூறுபோட்டுக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்குள்ளேயே ஏற்பட்டிருக்கிறது. ஊழியர் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. இருக்கும் கூட்டுக்கு ஒரு பெட்டியும் கணக்கும் சேர்த்தாற் போதும். 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் தோற்றுவித்த வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் சில்லறை வியாபாரப் பெண்களை அக்கம்பக்கக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன்பெறச் செய்தது. முதலில் பாங்கிகளின் மூலமாகக் கொடுத்தவர்கள், சில வருஷத்திற்குள் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திக்கொண்டனர். பாங்கி திறக்கும் வேளையில் மீன்காரி தெருவிலிருப்பாள் என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் விடியுமுன் ஜாமீனின்றிப் பணம் தருகிறவர் வேறொருவர் இல்லாதவரையில் சட்டத்தை அவள் தேடிப்போவது அரிது.

முதலைக் காப்பது ஒரு பாதி. மீனைக் காப்பது மறுபாதி. மாலையில் விலை இறங்குவதற்கு மீன் கெடுமென்ற பயமே காரணம். வாங்க வருவோர் அதை நன்றாய் அறிவர். மீனும் ஐஸும் சமஎடையாக, ஒரு படுகை மீன் ஒரு படுகை ஐஸ் என்று அடுக்கி, உருகிய நீர் அடியில் தேங்காமல் வடியவிட வேண்டும். மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் மிக விரைவிற் கெடுவதால் அவற்றிற்கு ஐஸை மிச்சம்பிடிப்பது நஷ்டம். விற்காமல் நின்றதை அன்றைக்கே கழுவி, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு வீதம் இட்டு, மணலிற் பரப்பாமல் வலைத்தட்டில் உலர்த்துதல் நன்று. உப்புவரி இருந்த காலத்தில் சென்னை ராஜதானியிலே சர்க்கார் மீன் உப்பிடும் முற்றங்கள் அமைத்து வரியில்லா உப்புக் கொடுத்து வந்ததும், 1907-ல் ஏற்பட்ட மீன் இலாகாவில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் பதப்படுத்தும் முறைகளில் மிகுந்த சிரத்தை கொண்டதும் இத்தொழிலின் அவசியத்தைக் காட்டும். 1947-ல் அவ்வரி எடுபட்டது. இன்றைக்குக் குறைவாயிருப்பது உப்பல்ல, சுத்தமான தட்டு.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை. அதே வருஷம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய முதியவள் ஒருத்தி, நாற்றமென்று பேருந்திலிருந்து இறக்கப்பட்டாள். முதன்மந்திரி அதைக் கண்டித்தார்; ஊழியர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. மூடியுள்ள பாத்திரம் நீர் சொட்டாமல் தடுக்கும், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஊருக்கு மீன் வேண்டும், மீன்காரி வேண்டாம் என்பவர்களுக்கு மூடி போட ஒருவராலும் ஆகாது.

எழுத்தறியாதவளுக்குக் கணக்கு இரண்டு பைகளே. ஒன்று முதல், மற்றது வரும்படி. முதற்பையிலிருந்து அரிசி வாங்கலாகாது. வாங்க நேர்ந்தால் இத்தனை நூறு எடுத்தோம் என்று அத்தனை சோழிகளை அதிலிட்டு, பணம் திரும்புந்தோறும் எடுத்துவிட வேண்டும். குழுப்பெட்டியின் சாவி ஒருத்தியிடமும் பெட்டி வேறொருத்தியிடமும் இருக்கட்டும்.

2017 முதல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்நாட்களில் நாட்டுப்படகு மீனே வருமாதலால் ஏலவிலை ஏறும். ஆயிரத்துக்கு எடுத்த கூடைக்கு அதிகம் வேண்டியிருக்கும். ஆகையால் மாசி பங்குனியில் மீன் மலிந்திருக்கும்போதே குழுவாகச் சேர்ந்து கருவாடு போட்டு வைப்பவர்கள், தடைக்காலத்தில் வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் அதையே விற்று முதலைக் காத்துக்கொள்ளலாம்.