பிளான் போடும்போதே வெளிச்சக் கணக்கும் பாருங்க!

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சொந்த வீடு கட்டப் போறீங்களா? 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி கிடைக்கும். ஆனால் பிளான் விதிப்படி இருக்குன்னு உறுதி தருவது நீங்கதான். உள்ளே வெளிச்சம் வருமா என்பதையும் நீங்கதான் முன்கூட்டியே பார்த்துக்கணும்.

விதி சொல்வது என்ன?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வீட்டைச் சுற்றி காலியிடம் விடச் சொல்கிறது. இதைத்தான் 'செட்பேக்' என்கிறோம். இது குறைந்தபட்ச அளவுதான்; வெளிச்சத்துக்கு இது மட்டும் போதாது.

நிழல் எவ்வளவு தூரம் விழும்?

இரு ஊர்களும் சுமார் 12 டிகிரி வட அட்சரேகையில் உள்ளன. டிசம்பர் 22 நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 23 அடி உயர வீட்டின் நிழல் வடக்கே சுமார் 16 அடி நீளும். தெற்குப் பக்கத்து மனை உங்க மனையைவிட 3 அடி மேடா இருந்தா, அதே வீட்டின் நிழல் உங்க பக்கம் 18 அடியைத் தாண்டும்.

'எங்க ஊர் சமதளம்தானே' என்று விட்டுவிட வேண்டாம். செஞ்சி பக்கம் மலையடிவாரச் சரிவு இருக்கு. மற்ற இடங்களில் மண் கொட்டி பேஸ்மென்ட்டை உயர்த்துவதாலும், சாலை உயர்வதாலும் மேடு பள்ளம் உருவாகிறது. பழைய வீடுகளின் ஜன்னல்கள் இப்படித்தான் தாழ்ந்து போகின்றன.

நீங்க செய்ய வேண்டியவை

1. பேஸ்மென்ட் உயரத்தை முடிவு செய்யும் முன், சாலை மட்டத்தையும் பக்கத்து மனைகளின் மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்க.

2. பக்கத்து மனை இன்று காலியாக இருந்தாலும், நாளை அங்கே மாடி வீடு வரும் என்று வைத்தே பிளான் போடுங்க.

3. ஹால், சமையலறை, படுக்கையறை ஜன்னல்களைத் தெருப் பக்கமோ பின்பக்கமோ வையுங்க. குறுகிய சந்துப் பக்கத்தைக் குளியலறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் விடுங்க.

4. ஈரப்பதமான வெப்பப் பகுதிகளில் ஜன்னல், வென்டிலேட்டர் பரப்பு அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 10-க்கு 12 அடி அறைக்கு 20 சதுர அடி. கதவு இதில் சேராது.

5. நடு அறை இருட்டாகும் என்று தெரிந்தால், சின்ன முற்றமோ மேலே கண்ணாடித் திறப்போ வையுங்க.

6. செட்பேக்கில் ஷீட் போட்டு மூடாதீங்க. விதிமீறல் என்பதோடு, உங்க வெளிச்சமும் பக்கத்து வீட்டார் வெளிச்சமும் சேர்ந்தே போயிடும்.

சுவர் எழும்பிய பிறகு ஜன்னலை இடம் மாற்ற இடிக்கணும், செலவு செய்யணும். பிளானில் மாற்ற ஒரு கோடு போதும். விண்ணப்பத்தை 'சப்மிட்' செய்வதற்கு முன் இதை உங்க இன்ஜினீயரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிடுங்க.