புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்ததா?

வீட்டு மீன்தொட்டி வளர்ப்போரிடையே வழங்கும் நம்பிக்கைகளுள் பெருங்கேடு விளைவிப்பது, வெள்ளைப்புள்ளி நோய் கண்ட மீனின் உடலிலிருந்து புள்ளிகள் உதிர்ந்துவிட்டால் நோய் தீர்ந்தது, அன்றே மருந்தை நிறுத்திவிடலாம் என்பதாகும். எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் மீன்கடைகளில் மீண்டும் மீண்டும் சொல்லப்படும் இக்கூற்றை நம்பி மருந்தை நிறுத்துவோர், சில நாட்களுக்குள் முன்னிலும் பன்மடங்கு புள்ளிகளைக் கண்டு, வாங்கிய மருந்து போலி என்று முடிவுகட்டி வேறொரு புட்டியைத் தேடி ஓடுகின்றனர். பழுது பெரும்பாலும் மருந்தில் இல்லை. ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை அறியாமல் நாள் குறிப்பதில் இருக்கிறது.

நோயை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒருசெல் உயிரி. 1876-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபூக்கே இதற்குப் பெயரிட்டார். இதன் உடலெங்கும் குற்றிழைகள், அதாவது நீந்த உதவும் நுண்மயிர்கள், அமைந்துள்ளன. மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, திசுவை உண்டு, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வரை வளர்கின்ற பருவமே கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் முதிர்ந்துவிடும் இவ்வுயிரி, மீனை விட்டு நீங்கிச் சரளையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசை போன்ற உறை ஒன்றை அமைத்து, அதனுள்ளே ஏறத்தாழ ஒரு நாளில் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரம் வரையிலான, இளம் உயிரிகளாகப் பெருகுகிறது. நீரில் நீந்தித் திரியும் இந்த இளம் உயிரிகள் ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், பற்றாதவை மடியும்.

ஆகவே, புள்ளிகள் மறையும் நாள் ஒட்டுண்ணி ஒழிந்த நாளன்று, அது தொட்டியின் அடியில் பெருகத் தொடங்கும் நாள். ஃபார்மலின், மாலக்கைட் பச்சை, மயில்துத்தம் எனப்படும் செம்புச் சல்பேட்டு, உப்பு ஆகிய எதுவும் தோலுக்கடியில் இருப்பதையோ உறைக்குள் இருப்பதையோ எளிதில் கொல்வதில்லை. நீந்தும் பருவத்தையே கொல்கின்றன. மருந்து பயன்படக்கூடிய மிகச் சரியான வேளையில் அதை நிறுத்தச் சொல்வது அறிவுரையே ஆகாது. 25 டிகிரியில் இரண்டு வாரங்களேனும் சிகிச்சை தொடரவேண்டும். நீர் குளிரக் குளிரச் சுழற்சி நீளும்; 10 டிகிரியில் அது ஒரு மாதத்தையும் கடக்கும். எனவே, உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் ஹீட்டரின்றித் தங்கமீன் வளர்ப்போர், சமவெளிக்குரிய நாள்கணக்கைக் கடன் வாங்குவது தவறு. மேலும், செவுளில் மட்டும் ஒட்டுண்ணி தங்கியிருந்தால் உடலில் ஒரு புள்ளியும் தோன்றாமலே மீன் மூச்சுத் திணறி இறக்கக்கூடும் என்பதால், புள்ளியை எண்ணி நலத்தை அளப்பதே தவறான அளவுகோல்.

தொட்டி நீர் முழுவதையும் கொட்டி, சரளையையும் வடிகட்டியையும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால் நோய் போகும் என்பது இன்னொரு நம்பிக்கை. மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை இக்கழுவல் தொடுவதில்லை. மாறாக, அம்மோனியாவை நச்சு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியாக்களைக் குழாய்நீரின் குளோரின் அழித்துவிட, நோயுற்ற மீன் தன் கழிவாலேயே நஞ்சூட்டப்படுகிறது. சரளையின் அடியை உறிஞ்சுகுழாயால் சுத்தம்செய்து, நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதே உறைகளைக் குறைக்கும் வழி. மருந்திடும் காலத்தில் வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிடவேண்டும். அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லாத் தொட்டியிலும் இந்நோய் உறங்கிக் கிடக்கிறது என்பதும் பொய். மீனில்லாத தொட்டியில் இவ்வுயிரி நெடுங்காலம் வாழாது. நீரை 30 டிகிரிக்குச் சூடாக்குவது பல வேளைகளில் உதவும். ஆனால் வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால், செவுள் சிதைந்த மீனுக்குக் காற்றுக்குழாய் இன்றி அதைச் செய்வது கொடுமை. அயோடின் கலந்த உப்பு மீனைக் கொல்லும் என்பதற்கு அடிப்படை இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள்மூடியிலும் பக்கத் துடுப்பிலும் தோன்றும் வெண்முத்துகள் நோயே அல்ல. அவற்றுக்கு மருந்திடுவது வீண். நங்கூரப்புழு என வழங்கப்படுவது புழுவன்று, இறாலைப் போன்றே ஓட்டுடலி வகையைச் சேர்ந்த உயிரி. குடற்புழு மருந்தை நம்பி அதை ஒழிக்க முனைவது பொருந்தாது.

இவ்வளவு மருந்தாராய்ச்சிக்கும் இடமளிக்காத ஏற்பாடு ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் செலவென்றும் தொல்லையென்றும் தள்ளுகின்றனர். புதிதாக வாங்கிய மீனை, அது எவ்வளவு துடிப்பாகத் தோன்றினாலும், மூன்று அல்லது நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைக்கவேண்டும். இதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும், ஏற்கெனவே ஓடும் தொட்டியில் சில வாரங்கள் ஊறவைத்த ஸ்பாஞ்சு வடிகட்டியும், ஒரு மூடியும் போதும். சரளை வேண்டாம், உறைகள் ஒட்டிக்கொள்ள இடம் குறையும். கடை நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. புதுச் செடியையும் மீனில்லாத பாத்திரத்தில் சில நாட்கள் வைத்திருந்தே சேர்க்கவேண்டும். வலையைத் தொட்டிக்கு ஒன்றாகப் பிரித்து, பயன்படுத்திய பின் முழுவதுமாக உலரவிடவேண்டும். உலர்வைத் தாங்கும் பருவம் எதுவும் இவ்வொட்டுண்ணிக்கு இல்லை.